குடிக்காத டிரைவருக்கு

அன்புள்ள கோவிந்தண்ணே,

கிழித்துப் போடுவதானாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீ குடித்திருக்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். இதை ஊரில் நாலு பேர் படிக்க வேண்டும் என்றுதான் பத்திரிகையில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

உன்னைப் பார்த்தே இராதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ காஞ்சிபுரத்துக்கும் மெட்ராஸுக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். ஏழுமலையாகிய நான் அதே பஸ்ஸில் கண்டக்டர். ஒன்பது வருஷம் ஒரே வண்டி. ஸ்ரீபெரும்புதூரில் இரண்டு தெரு தள்ளித்தான் இருவர் வீடும். சரோஜா அண்ணி உனக்குக் கட்டித் தரும் டிபன் கேரியரில் எனக்கும் ஒரு தட்டு உண்டு. பஸ்ஸெல்லாம் சர்க்காருக்குப் போவதற்கு முந்தைய காலம் அது. மதுவிலக்குக் காலமும்கூட. குடித்திருந்தாலே பிடித்துக்கொண்டு போய் உள்ளே வைப்பார்கள். நீயோ மச்சான் கல்யாணத்தில் பந்தலுக்குப் பின்னால் கள்ளு வாடை அடிக்கிறது என்று சாப்பிடாமல் எழுந்து வந்தவன்.

அதற்கு முந்தைய பத்து நாளும் நீ தலைவலி என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

“பின்னந்தலையில யாரோ சுத்தியால அடிச்சிகினே கீற மாதிரி கீதுடா ஏயுமல. மேனேஜராண்ட ரெண்டு நாளு லீவு கேட்டேன். ஸ்டியரிங் புடிக்கிறவனுக்கு இன்னாடா தலவலின்றான்.”

“வெயிலுண்ணே. ஒரு சோடா குடி, சரியாப்பூடும்” என்றேன் நான்.

ரத்தக் கொதிப்பு என்று ஒன்று இருப்பதோ, கையில் பட்டையைச் சுற்றி அதைப் பார்க்கலாம் என்பதோ நம் இருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் நம் பக்கத்தில் யாரிடம் போய்க் கையை நீட்டியிருப்போம்?

அன்று காலை எட்டரை மணிக்கு ஸ்ரீபெரும்புதூரை விட்டோம். இருங்காட்டுக்கோட்டை தாண்டித் தண்டலம் வருவதற்குள் வண்டி ரோட்டில் அலைய ஆரம்பித்தது. நான் பின்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். விசில் அடித்தேன், உனக்குக் கேட்கவில்லை. எதிரே ஒரு மாட்டு வண்டி. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து பார்த்தபோது உன் வலது கை மடியில் கிடந்தது. வலது கால் பெடலிலிருந்து நழுவித் தொங்கியது. இடது கை ஒன்றை வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை இழுத்து வளைத்து, வண்டியை வாய்க்கால் மேட்டில் ஏற்றி நிறுத்தினாய். பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் காயமில்லை. மாட்டு வண்டியில் பூட்டியிருந்த ஒரு மாடு மட்டும் பம்பரில் பட்டு முன்னங்கால் முறிந்து விழுந்தது.

நீ காப்பாற்றிய ஜனங்கள்தான் உன்னை இழுத்துக் கீழே போட்டார்கள். நிற்க வைத்தார்கள், நீ விழுந்தாய். மறுபடி நிற்க வைத்தார்கள், மறுபடி விழுந்தாய். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு எச்சில் வழிந்தது.

“காலங்காத்தால ஊத்திக்கினு வண்டி ஓட்றான் பாரு கஸ்மாலம்!”

மாட்டுக்காரர் அழுதுகொண்டே தார்க்குச்சியால் உன் முதுகில் அடித்தார். ஆபீசுக்குப் போகிற ஒருவர், தினமும் நம் வண்டியில் வருகிறவர், உன்னை ‘டிரைவர் சார்’ என்று கூப்பிடுகிறவர், செருப்பைக் கழற்றினார். நான் உன்னிடமிருந்து நாலடி தூரத்தில் தோல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். தடுக்கவில்லை அண்ணே. ஏன் தடுக்கவில்லை என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“கண்டக்டர், வாயை மோந்து பாரு” என்றார் ஒருவர். குனிந்து மோந்தேன். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் மணத்தன. அண்ணி வைத்த இட்லி. வேறு எதுவும் இல்லை. நிமிர்ந்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததையே அவர்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

போலீஸ் வந்து கேட்டது.

“குடிச்சியா?”

“இல்ல.”

“பேரு இன்னா?”

“இல்ல.”

“ஒடம்பு சரியில்லையா?”

“இல்ல.”

கூட்டம் சிரித்தது. அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் அன்று காலை உன்னைவிட்டுப் போய்விட்டது என்று சிரித்தவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் உன் கண்ணை நான் பார்த்தேன். அது குடித்தவன் கண் இல்லை. தண்ணீருக்குள் முங்கிப் போகிறவன் கரையைப் பார்ப்பது மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜீப்பில் போட்டு முதலில் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வைத்தியத்துக்கு இல்லை, குடித்திருக்கிறாய் என்று சர்ட்டிபிகேட் வாங்க. டாக்டர் வெளியூர் போயிருந்தார். கம்பவுண்டர் ஜீப்பின் படியில் ஒரு காலை வைத்து எட்டிப் பார்த்தார். “கண்ணு செவந்து கீது, நாக்கு கொழறுது, நிக்க முடியல” என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கொடுத்தார். உன் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு ஸ்டேஷன். சுவரோரமாக உன்னை உட்கார வைத்தார்கள், நீ வலப்பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தாய். போதை தெளியட்டும் என்று ஏட்டு ஒரு சொம்பு நிறைய மோர் கொண்டுவரச் சொன்னார்.

“தலையைப் புடிய்யா” என்றார் என்னிடம்.

பிடித்தேன். உன் தலையை என் முழங்காலோடு சேர்த்து அண்ணாந்து பிடித்தேன். ஒரு போலீஸ்காரர் வாயைப் பிளந்து ஊற்றினார். உனக்கு விழுங்க வரவில்லை. மூக்கு வழியாக வந்தது. இருமி இருமி முகம் கருத்தது. “இன்னும் கொஞ்சம் ஊத்து, எறங்கும்” என்றார்கள். நான் பிடியை விடவில்லை.

மத்தியானம் மேனேஜர் வந்தார். என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

“ஏழுமலை, இவன் ஒடம்பு சரியில்லாம வண்டி ஓட்னான்னா, சரியில்லாதவனை யார்ரா ஏத்துனதுன்னு கேப்பாங்க. லீவு கேட்டான், குடுக்கலன்ற பேச்சு வரும். பர்மிட்டுக்கே ஆபத்து. குடிச்சிட்டு ஓட்னான்னா அவனோட போச்சு. நீ புள்ளகுட்டிக்காரன். யோசிச்சு எழுது.”

நான் அதிக நேரம் யோசிக்கவில்லை. ‘டிரைவர் வாயில் சாராய வாடை வந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது நீ லாக்கப் கம்பிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். நான் என்ன எழுதுகிறேன் என்று உனக்குப் புரிந்ததா அண்ணே?

பொழுது சாய அண்ணி வந்தாள். உன்னைப் பார்த்ததுமே கத்தினாள். “யோவ், இது பக்கவாதம்யா! எங்கப்பனுக்கு வந்துச்சுய்யா! கண்ணு கீதா இல்லியா உங்களுக்கு?” மறுநாள் காலை ஜாமீனில் விட்டார்கள். ஆம்புலன்ஸ் என்கிற பேச்சே நம் பக்கத்தில் கிடையாது. காய்கறி லாரி ஒன்றில் கத்திரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் உன்னைப் படுக்க வைத்துப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தண்டலத்தில் வண்டியை நிறுத்தியதற்கும், ஒரு டாக்டர் உன் மார்பில் குழாயை வைத்ததற்கும் நடுவில் ஒரு முழு நாளும் மேலும் ஒன்றிரண்டு மணி நேரமும் ஓடிவிட்டன.

அங்கே நரம்புக்கென்றே ஒரு டாக்டர் இருந்தார். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தாதவர். உன்னைத் தட்டிப் பார்த்தார், கீறிப் பார்த்தார், விளக்கைக் காட்டிப் பார்த்தார். பிறகு எங்களிடம் கேட்டார்.

“நெஞ்செல்லாம் சளி கட்டியிருக்கு. மயக்கத்துல இருக்கிறப்ப வாயில ஏதாவது ஊத்தினீங்களா?”

அண்ணி என்னைப் பார்த்தாள். “தெரியல சார்” என்றேன்.

பதினெட்டு நாள் இருந்தாய். நெஞ்சுச் சளிதான் முதலில் உன்னைக் கொல்லப் பார்த்தது, மூளை இல்லை. பிழைத்தாய். அனுப்பும்போது டாக்டர் அண்ணிக்கு மெதுவாக எடுத்துச் சொன்னார். அவருக்கு நாம பேசறது எல்லாமே புரியுது, பதில் சொல்லத்தான் வார்த்தை வரல, பைத்தியம்னு நினைச்சிடாதீங்க. மாத்திரையை ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது, அதை இங்கேயே வாராவாரம் தருவோம். புதன்கிழமை தோறும் கூட்டிட்டு வாங்க, கை காலுக்கும் பேச்சுக்கும் பயிற்சி தருவோம். வயசு நாற்பத்தொண்ணுதானே, நிறைய திரும்ப வரும்.

அண்ணியால் உன்னைத் தனியாகத் தூக்கி பஸ் ஏற்ற முடியாது. புதன்கிழமைகளில் நான் லீவு போட்டுக்கொண்டு தோள் கொடுத்தேன். இரண்டாவது புதன்கிழமை அந்த அதிசயம் நடந்தது. பழகிப்போன வரிசைகளைச் சொல்ல வைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். நான் சும்மா, டிக்கெட் கிழிக்கிற குரலில், “பூந்தமல்லி!” என்றேன். நீ நிமிர்ந்தாய். “நசரத்பேட்டை” என்றாய். “செம்பரம்பாக்கம்… தண்டலம்… இருங்காட்டுக்கோட்டை…” என்று ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு அழுதாய். டாக்டர் உன் தோளைத் தட்டினார். “வழி திறந்துடுச்சு. விடாம வாங்க. ஆறு மாசத்துல வாக்கியமா பேசுவார்.”

மூன்றாவது வாரம் என் பெயரைச் சொன்னாய். “ஏயுமல.” அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை. ஆனால் சொல்லிவிட்டு என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அதே வாரம் கம்பெனி ஷெட்டில் விசாரணை. அண்ணி உன்னைக் கைத்தாங்கலாக நிறுத்தியிருந்தாள்.

“சம்பவத்தன்று உமக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததா?” என்று படித்தார் மேனேஜர்.

“இல்ல” என்றாய் நீ. தலையை இடமும் வலமும் ஆட்டினாய், பல்லைக் கடித்தாய், இடது கையால் உன் நெற்றியில் அடித்துக்கொண்டாய். “இல்ல, இல்ல, இல்ல.”

“ஐயா, அவருக்கு வேற வார்த்த வராதுங்க!” என்றாள் அண்ணி.

“அவரே சொல்றாரும்மா. நான் எழுதிக்கறேன்.”

தீர்ப்பு எழுத இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் அந்த நினைப்பு எனக்கு வந்தது. அதற்குள் உனக்குப் பேச்சு வந்துவிட்டால்? லீவு கேட்டதைச் சொல்வாய். மோர் ஊற்றியதைச் சொல்வாய். யார் தலையைப் பிடித்தது, யார் கையெழுத்துப் போட்டது என்றும் சொல்வாய்.

இனி எழுதப்போவதற்குத்தான் இந்தக் கடிதமே. முன்னால் எழுதியதையெல்லாம் பயம் என்று யாராவது மன்னிக்கலாம். இதை மன்னிக்க முடியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். நீ கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் வலது கையைத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தாய். அண்ணி காப்பி கொடுத்தாள். குடித்துக்கொண்டே சொன்னேன். “அந்த டாக்டரு மாத்தலாயிட்டாராம் அண்ணி. இதுக்கு மேல ஒண்ணும் பண்றதுக்கில்ல, இனிமே அலைய வாணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க.”

டாக்டர் எங்கேயும் போகவில்லை. மறுநாள் புதன்கிழமைக்கு உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? நீ நம்பவில்லை. “இல்ல” என்றாய். “இல்ல, இல்ல.” அண்ணி உன் முதுகைத் தடவிக்கொடுத்து, “ஆமாய்யா, இல்லதான், இன்னா பண்றது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று அந்தக் கட்டிலில் இருந்து நீ என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றதோடு மாத்திரையும் நின்றது. கை கொஞ்சம் கொஞ்சமாக மடங்கி மார்போடு ஒட்டிக்கொண்டது. வந்த வார்த்தைகளும் போயின. கம்பெனி உன்னைக் குடிகாரன் என்று எழுதி வெளியே தள்ளியது. அண்ணி அரிசி மில்லில் புடைக்கப் போனாள். எட்டாவது மாதம், பகல் சாப்பாட்டுக்கு அவள் வந்து பார்த்தபோது நீ கட்டிலுக்குக் கீழே கிடந்தாய். மறுபடியும் அதே நோய். நான் டிரிப் முடித்து இறங்கியபோது பஸ் ஸ்டாண்டில் சொன்னார்கள்.

உன் பாடையை நானும் தூக்கினேன். பின்னால் வந்த இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். “குடிச்சே செத்தான்பா.” தோள் மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். திரும்பி நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இவ்வளவையும் இந்தப் பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அவள் இப்போது மறைமலை நகர் பக்கம் ஒரு பேக்டரி கேண்டீனில் காய் நறுக்குகிறாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது. கேண்டீனுக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கடைசி வரை கேட்டாள்.

“அன்னிக்கு உனுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன்ல?” என்றாள். அவ்வளவு நேரம் கழித்து அதைத்தான் கேட்டாள். பிறகு எழுந்தாள். “சக்கர கம்மியா கீதுன்னு ரெண்டாவது தபா போட்டுக்கினு குடிச்ச. எனுக்கு நெனப்பு கீது. போயிடு ஏயுமல. நான் செத்தாலும் எங்க வூட்டுப் பக்கம் வராத.”

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். அந்தக் காலத்துக் காகிதமெல்லாம் கிடையாது என்றார்கள். கம்பெனியும் இல்லை, மேனேஜரும் இல்லை. நான் எழுதிய பொய்யைத் திருத்தி வாங்கிக்கொள்ள ஆளே இல்லை அண்ணே.

நான் இப்போது சர்க்கார் பஸ்ஸில் இருக்கிறேன். நம் ரோட்டை நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. ஷிப்டுக்கு ஓடுகிற ஜனம் படியில் தொங்குகிறது. போன ஐப்பசி மழையில், ஒரகடத்துப் பெண் ஒருத்தி, கோகிலா என்று பெயர், முப்பத்தைந்து வயது இருக்கும், ஸ்ரீபெரும்புதூரில் ஏறினாள். சீட்டில் உட்கார்ந்தவள் அப்படியே பக்கத்தில் இருந்தவள் மேல் சரிந்தாள். வாய் கோணியது. “காத்து அடிச்சிருக்கு, சோடா குடுங்க” என்று யாரோ பாட்டிலை நீட்டினார்கள். நான் தட்டிவிட்டேன். பாட்டில் உடைந்தது. டிரைவரிடம், “எங்கயும் நிக்காத, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு வுடு” என்றேன்.

“யோவ், நான் பூந்தமல்லில எறங்கணும்யா!” “என் ஷிப்டு போயிடும்யா, சூப்பர்வைசர் உள்ள வுட மாட்டான்!” ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். அவன் மூஞ்சியில் குத்தினேன். ஒன்றேகால் மணி நேரத்தில் அவளை டாக்டரிடம் சேர்த்தோம். எனக்கு மெமோ கொடுத்தார்கள். அவளை அங்கே பிழைக்க வைத்தார்கள். சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்று ஒரு டாக்டரம்மா என்னிடம் சொன்னபோது நான் வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் ஆஸ்பத்திரி அனுப்பியதற்குப் பிறகு அவளுக்கும் யாரும் இல்லை. புருஷன், “நொண்டியை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது” என்று அவளை அம்மா வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டான். பட்டணம் போனால்தான் பயிற்சி, பட்டணம் போனால்தான் மாத்திரை. இருபது வருஷத்தில் அது மட்டும் மாறவில்லை. வியாழக்கிழமை எனக்கு வாராந்திர லீவு. நான்தான் கூட்டிப்போகிறேன். இதுவரை ஒரு வாரமும் விடவில்லை.

உனக்குச் செய்ததற்கு இது ஈடு என்று எழுதமாட்டேன். அவள் வேறு, நீ வேறு.

போன வியாழன், திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்தாள். நோய் வந்த பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

“நீ… இன்னாத்துக்குப்பா… என் கூட… வர்ற?”

ஊர் வந்துவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

வருகிற வியாழக்கிழமை சொல்லிவிடுவேன் அண்ணே. உன் பெயரைச் சொல்லி, மோரைச் சொல்லி, டாக்டர் மாற்றலான பொய்யைச் சொல்லி, ஒன்றையும் மறைக்காமல் சொல்வேன். கேட்டுவிட்டு அவள் என்னோடு வரமாட்டேன் என்று சொல்லலாம். அப்போது அடுத்த சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன், அதுவும் வேண்டாம் என்றால் படியில் நின்றுகொள்கிறேன். அவள் பட்டணம் போய்ச் சேர்வதையும் மாத்திரையோடு திரும்புவதையும் பார்க்காமல் இந்த உயிர் இருக்கிறவரை ஒரு வியாழனும் போகாது. இது உன் மேல் ஆணை.

நீ என்னைத் தம்பி என்றுதான் எல்லோரிடமும் சொல்வாய். அப்படிக் கையெழுத்துப் போடக் கை கூசுகிறது, ஆனால் வேறு உறவு எதுவும் எனக்கும் உனக்கும் இல்லையே.

உன் தம்பி,
ஏயுமல